மூலையில் வளர்ந்த அந்தூரியம்

பூக்கன்று என்றால் நிற்கிற இடத்துக்கு அடங்கி நிற்க வேண்டும். எங்கள் வீட்டு அந்தூரியத்துக்கு அந்த மரியாதை தெரியாது. ஹோலின் மூலையில், யன்னலுக்குப் பக்கத்தில், பூச்சாடியை விட்டு எழும்பி, கீழ் இலைகளை உதிர்த்து, மொட்டைத் தண்டாக நீண்டு, அந்தத் தண்டிலேயே தடித்த வேர்களை வெளியே விட்டு, உச்சியில் சுளகு அளவு இலைகளைப் பரப்பிக்கொண்டு நின்றது. பூ நல்ல சிவப்பு, மெழுகு பூசியது போல மினுங்கும். வருகிறவர்கள் எல்லாரும் அதன் முன்னால் நின்று ஆகா என்பார்கள். எனக்கு மட்டும் அதைக் கண்டாலே பயம். பின்னேரம் இருள்கிற நேரம் யாரோ அந்த மூலையில் குந்தியிருப்பது போலத் தெரியும். இலைக்குப் பின்னால் பாம்பு சுருண்டு கிடந்தாலும் தெரியப்போவதில்லை. நான் கட்டுக்கரைக் குளத்துப் பக்கம் வயலுக்குள் பிறந்து வளர்ந்தவள். பாம்புப் பயம் எனக்குத் தாய்ப்பாலோடு வந்தது.

அது என் கன்றும் இல்லை. என் புருசன் வலன்ரைனின் அக்கா அன்ரோனெற், எனக்கு மச்சாள், கண்டிப் பக்கம் யாத்திரை போனபோது வாங்கி வந்தது. அவள் இருப்பது அடுத்த வளவில். அவளுடைய வீட்டுக்குத் தகரக் கூரை, வெக்கை தாங்காது. வெளியே வைத்தால் உப்புக்காற்று இலையைக் கருக்கும், அதற்குத் தப்பினால் ஒழுங்கையில் திரிகிற கழுதையும் ஆடும் விடாது. எங்களுடையது ஓட்டு வீடு. ஆகவே எங்கள் கலியாணத்தன்று அதை எனக்குப் பரிசாகத் தந்துவிட்டாள். தந்தது பேருக்குத்தான், அதிகாரம் முழுவதும் அவள் கையில். கிணற்றுத் தண்ணீர் உவர், ஊற்றாதே, குழாய்த் தண்ணீர் ஊற்று. மீன் கழுவின தண்ணீரை வீணாக்காதே, அதற்கு ஊற்று. மீன் தண்ணீர் குடித்துக் குடித்து அது பேய் வளர்ச்சி வளர்ந்தது. ஹோல் முழுவதும் மீன் வெடில், நாற்றம் தாங்காது. கொஞ்சம் வெட்டிவிடட்டுமா என்று நான் கேட்ட போதெல்லாம், பூக்கிற கன்றில் கத்தி வைக்கக் கூடாது என்று ஒரே பதில்.

சரி, அந்தக் கன்றால் ஒரு நன்மையும் நடந்தது, அதை மறைக்கக் கூடாது. என் மகன் றொசாந்தனுக்கு இரண்டு வயது நெருங்கியும் பேச்சு வரவில்லை. அவனோடொத்த பிள்ளைகள் கதை கதையாய்ச் சொல்ல, இவன் விரலைக் காட்டிக்கொண்டு நிற்பான். மச்சாள் மடு மாதாவுக்கு நேர்த்தி வைத்தாள். நான் இரவில் அவன் தூங்கின பிறகு அழுதேன். பிறகு ஒருநாள், அந்த மூலையில் போய் நின்று, சிவப்பைக் காட்டி, "பூ" என்றான். அவன் வாயில் வந்த முதற்சொல் அதுதான். அன்றைக்கு முழுவதும் பூ, பூ, பூ. அதற்குப் பிறகும் வேறு சொல் பெரிதாகச் சேரவில்லை. சோறு வேண்டுமென்றாலும் பூ, தூக்கச் சொன்னாலும் பூ. ஆனாலும் குரல் ஒன்று வந்துவிட்டதே என்று எனக்கு நெஞ்சில் ஈரம் ஊறியது. அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டுதான் நான் மற்றச் சொற்களுக்குக் காத்திருந்தேன்.

ஒக்டோபர் செபமாலை மாதம். எங்கள் கடற்கரை ஊரான ஓலைத்தொடுவாயில் அந்த மாதம் மாதாவின் சுரூபம் வீடு வீடாக வந்து ஒவ்வோர் இரவு தங்கிப் போகும். எங்கள் முறை அடுத்த நாள் என்று அறிவித்தார்கள். சுரூபம் வைக்க ஹோலில் இருந்த ஒரே நல்ல இடம் அந்த மூலை. அப்போதுதான் மச்சாளுக்குக் கன்று பெருத்துவிட்டது கண்ணில் பட்டது. மறுநாள் காலையிலேயே வந்து கதிரையைப் போட்டு இருந்துகொண்டு, எங்கே வெட்டுவது, எப்படி வெட்டுவது என்று எனக்குக் கட்டளை. உச்சித் துண்டை வேரோடு சேர்த்து வெட்டு, அதைப் புதுத் தும்பும் கரியும் போட்ட சின்னச் சாடியில் வை. அடியில் முளைக்கிற குட்டிகளைப் பிரித்து எடு. நடுவிலிருக்கிற மொட்டைத் தண்டைக் கணுக் கணுவாக நறுக்கித் தண்ணீரில் போடு, ஒவ்வொன்றும் துளிர்க்கும், கோயில் பெண்களுக்கு ஆளுக்கொன்று கொடுக்கலாம். பூக்களை மாதாவுக்கு எடுத்து வை.

சொன்னபடி செய்தேன். பூக்களை வாளியில் போட்டு அலுமாரிக்கு மேலே ஏற்றினேன், மகன் பிய்த்துவிடுவான் என்று. தண்டுகளை ஒரு பிளாஸ்ரிக் பேசினில் போட்டு மேசையில் வைத்தேன். வெயில் படாத இடம் வேண்டுமென்று மச்சாள் அதை இறக்கி மூலையிலேயே நிலத்தில் வைத்துவிட்டுப் போனாள். இதற்கிடையில் எனக்கு மணிக்கட்டு முழுவதும் அரிப்பு. தண்டின் சாறு பட்ட இடமெல்லாம் சிவந்து தடித்திருந்தது. சவர்க்காரம் போட்டுக் கழுவினேன், போகவில்லை. வேலை தலைக்கு மேலே கிடந்தது, அரிப்பைப் பார்க்க யாருக்கு நேரம்.

மத்தியானம் மகனுக்கு விளைமீன் குழம்பும் சோறும் பிசைந்து தீத்தினேன். மீன் விஷயத்தில் நான் வலு கவனம். ஏனென்றால் இந்த ஊரில் எனக்கு இருக்கிற ஒரே கெட்ட பெயர் அதுதான். குளத்து மீன் தின்று வளர்ந்தவளுக்குக் கடல் மீனில் முள் எங்கே ஓடுகிறதென்று தெரியாது என்று கலியாணமான புதிதில் யாரோ சொல்லப்போக, அது என் முதுகில் ஒட்டிக்கொண்டது. அதனால் ஒவ்வொரு பிடியையும் விரலால் தடவித் தடவிப் பார்த்துத்தான் அவன் வாயில் வைப்பேன். அன்றைக்கும் அப்படித்தான். தின்று முடித்து வாய் துடைத்து இறக்கிவிட்டேன். அவன் ஹோலுக்கு ஓடினான். நான் குசினியில் கோப்பை கழுவினேன்.

பிள்ளை இருக்கிற வீட்டில் சத்தம் நின்றால் பயப்பட வேண்டும். சத்தம் நின்றது. நான் கூப்பிட்டேன்.

ஓடிப்போய்ப் பார்த்தேன். ஹோல் நடுவில் நின்றுகொண்டிருந்தான். வாய் திறந்திருந்தது. வீணீர் கயிறு கயிறாய் வழிந்து சட்டையெல்லாம் நனைந்திருந்தது. உதடு இரண்டும் வீங்கி, நாக்கு வெளியே தள்ளிக்கொண்டு நின்றது. கண்ணில் நீர் ஓடுகிறது, முகம் அழுகையில் கோணுகிறது, நெஞ்சு ஏறி ஏறி இறங்குகிறது. ஆனால் சத்தமே இல்லை. என் பிள்ளை குரல் இல்லாமல் அழுதுகொண்டிருந்தான். அவனை அள்ளித் தூக்கிக்கொண்டு, "மச்சாள்" என்று கத்தினேன்.

அன்ரோனெற் மச்சாளைப் பற்றிச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. ஊரில் யாருக்குத் தொண்டையில் முள் சிக்கினாலும் அவளிடம்தான் ஓடி வருவார்கள். தொண்டை நோய்க்குரிய புனிதர் பிளாசியாரின் திருநாளில் மந்திரித்த மெழுகுதிரி இரண்டு எப்போதும் அவள் வீட்டில் இருக்கும். அவற்றைக் குறுக்காகப் பிடித்துத் தொண்டையில் வைத்துச் செபம் சொல்லுவாள், பிறகு மெல்லாமல் விழுங்கச் சொல்லிச் சோற்று உருண்டை கொடுப்பாள், முள் இறங்கிவிடும். எத்தனையோ பேருக்கு இறக்கியிருக்கிறாள், கண்ணால் கண்டவள் நான். அவள் கைராசியில் எனக்கும் நம்பிக்கை இருந்தது.

வந்தாள். அவனை வாங்கி மடியில் வைத்து வாயைத் திறந்து பார்த்தாள்.

"முள்ளுத்தான். என்ன மீன் குடுத்தனி?"

"விளைமீன், மச்சாள். நல்லாத் தடவிப் பாத்துத்தான் தீத்தினனான்."

"பாத்தவவாம். கட்டுக்கரைக் கண்ணுக்கு விளைமீன் முள்ளுத் தெரியுமே?"

அந்த நேரத்தில் அந்தச் சொல் எனக்குச் சுடவில்லை. சுடுவதற்கு மனசில் இடம் இருக்கவில்லை. உண்மையாகவே ஒரு முள் என் விரலுக்குத் தப்பியிருக்குமோ என்றுதான் ஒவ்வொரு பிடியையும் திரும்ப நினைத்துப் பார்த்துக்கொண்டு நின்றேன். பக்கத்து வீட்டுப் பெண்கள் வாசலில் கூடிவிட்டார்கள். கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த வலன்ரைனுக்கு யாரோ சொல்லி, அவர் மணற்காலோடு ஓடி வந்தார். மச்சாள் மெழுகுதிரிகளைப் பிள்ளையின் தொண்டையில் குறுக்காக வைத்துச் செபம் சொன்னாள். பிறகு சோற்றை உருட்டி அவன் வாய்க்குள் வைத்தாள். அவனால் விழுங்க முடியவில்லை. சோறு வீணீரோடு திரும்பி வழிந்தது. மற்றொரு உருண்டை. ஓங்காளித்தான். மூச்சு இழுபட்டுக் கீச்சென்றது. அந்தக் கீச்சுச் சத்தத்தை நான் சாகும் வரைக்கும் மறக்க மாட்டேன்.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவோம் என்றேன். முள்ளோடு ஓட்டோவில் குலுக்கிக்கொண்டு போனால் அது இன்னும் ஆழமாய்க் குத்தும், முதலில் இறக்க வேண்டும் என்றாள் மச்சாள். வலன்ரைன் என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை, அக்கா சொல்வதைக் கேள் என்றார். குசினியில் வாழைப்பழம் இருக்கிறது, வழுக்கிக்கொண்டு இறங்கும், எடுத்து வா என்று மச்சாள் என்னை அனுப்பினாள்.

குசினிக்குப் போகிற வழி அந்த மூலையால்தான். காலில் ஏதோ உருண்டது. குனிந்து பார்த்தேன். அந்தூரியத் தண்டு ஒன்று. பேசினில் கிடந்தது, நிலத்தில் கிடக்கிறது. எடுத்தேன். ஒரு நுனி நைந்திருந்தது. நைந்த இடத்தில் சின்னச் சின்னப் பல் அடையாளம். அரிசிப் பல் என்று நான் தினமும் கொஞ்சுகிற அதே பற்கள்.

என் மணிக்கட்டைப் பார்த்தேன். அரிப்பு இன்னும் அடங்கவில்லை. அப்போதுதான் எனக்குள் ஏதோ திறந்தது. இந்த அரிப்பை எனக்கு முன்னமே தெரியும். எங்கள் வீட்டில் சேம்பு நறுக்குகிற நாளில் அம்மா கைக்குத் தேங்காய் எண்ணெய் பூசிக்கொள்ளுவா. ஒருமுறை என் தம்பி பச்சைச் சேம்பந் தண்டைக் கடித்துவிட்டு, நாக்கு வீங்கி, குரல் அடைத்து, வீணீர் வழிய நின்றான். இப்போது என் மகன் நிற்பது போலவே நின்றான். இலையின் அமைப்பைப் பார்த்தால் அதுவும் சேம்பின் சாதிதான், இவ்வளவு நாளும் பார்த்துக்கொண்டிருந்தும் என் மூளைக்கு எட்டவில்லை. மேலே இருந்த பூவை எட்டாமல், கீழே கிடந்த தண்டை எடுத்திருக்கிறான்.

வீங்கின தொண்டை. அதற்குள் சோற்றை அடைக்கிறார்கள். ஐயோ, என் பிள்ளையைக் கொல்லப்போகிறார்கள்.

பாய்ந்து வந்து மச்சாளின் கையைப் பிடித்தேன்.

"சோறு குடுக்காதேங்கோ மச்சாள். முள்ளில்லை இது. இந்தத் தண்டைக் கடிச்சிட்டான். சேம்பு மாதிரிக் காறி, தொண்டை வீங்கிப் போச்சு."

மச்சாள் என் கையைத் தட்டிவிட்டாள். அவளுடைய முகத்திலும் பயம் இருந்தது, பயந்த ஆள் தனக்குத் தெரிந்ததைத்தான் இறுக்கிப் பிடிக்கும். "பூக்கன்றிலை பழியைப் போடாதை," என்றாள். "பிழை விட்டா ஒத்துக்கொள்ள வேணும்." வாசலில் நின்ற பெண்களில் ஒருத்தி உச்சுக்கொட்டினாள். வலன்ரைன் என்னைத் தோளில் பிடித்துப் பின்னால் இழுத்தார். மச்சாள் அடுத்த உருண்டையை உருட்டினாள். பிள்ளையின் உதடு நீலம் பூக்கத் தொடங்கியது போல எனக்குத் தெரிந்தது. பூத்ததோ இல்லையோ, எனக்கு அப்படித்தான் தெரிந்தது.

சொல்லிப் பிரயோசனமில்லை. என் சொல்லுக்கு அந்த வீட்டில் என்ன விலை என்பது எனக்குத் தெரியும். கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு. கையில் இருந்த தண்டை வாயில் வைத்து, கடைவாயால் நறுக்கென்று கடித்து மென்றேன்.

முதலில் ஒன்றுமில்லை, பச்சைத் தண்ணீர் போல இருந்தது. பிறகு ஆயிரம் ஊசி ஒன்றாய்க் குத்தியது. நாக்கு, அண்ணம், தொண்டை எல்லாம் தீ. துப்பினேன். வீணீர் நிற்கவில்லை. என் உதடு தடிப்பது எனக்கே தெரிந்தது. ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன், காற்று மட்டும் வந்தது. வாயைத் திறந்தபடி மச்சாளுக்கு முன்னால் முழந்தாளில் இருந்தேன். மடியில் பிள்ளையின் வாய், எதிரே என் வாய். இரண்டும் ஒரே மாதிரி.

அன்ரோனெற் மச்சாளின் கை நடுவழியில் நின்றது. சோற்று உருண்டை விரலிலிருந்து நழுவி நிலத்தில் விழுந்தது. அவள் அவனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு சுட்டு விரலை அவன் வாய்க்குள் விட்டு, தான் திணித்த சோற்றை ஒரு பருக்கை விடாமல் தோண்டித் தோண்டி வெளியே எடுத்தாள்.

"வலன்ரைன், இன்பாசைக் கூப்பிடு. கெதியா," என்றாள்.

இன்பாஸ் எங்கள் ஒழுங்கை முகப்பில் ஓட்டோ வைத்திருப்பவர். மத்தியான லுஹர் தொழுகையை முடித்துவிட்டு அப்போதுதான் சாப்பிட உட்கார்ந்தவராம், கையைக் கூட ஒழுங்காய்க் கழுவாமல் வண்டியை எடுத்தார். பிள்ளையை நிமிர்த்தி நெஞ்சோடு சாய்த்து வைத்துக்கொண்டேன். ஒரு கையில் அந்தத் தண்டு. வழி நெடுக அவனுடைய மூச்சை எண்ணினேன், எண்ணிக்கை தவறித் தவறி மறுபடி தொடங்கினேன். மாதாவே என்று கத்த வேண்டும் போலிருந்தது, நாக்கு புரளவில்லை. உள்ளுக்குள்ளேயே கத்தினேன். கடற்காற்று கதவில்லாத வண்டிக்குள் அடித்தது. அந்தக் காற்றில் கொஞ்சமாவது அவன் தொண்டைக்குள் போகட்டும் என்று அவன் முகத்தைக் காற்றுக்குக் காட்டிக்கொண்டிருந்தேன். இன்பாஸ் குழிக்கும் மாட்டுக்கும் கழுதைக்கும் விலத்தி விலத்தி ஓட்டினார். பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை, ஆனால் அவருடைய உதடு துஆப் பிரார்த்தனை ஓதிக்கொண்டிருந்ததைக் கண்ணாடியில் கண்டேன்.

ஆஸ்பத்திரியில் என்னால் வாய் திறந்து விளக்க முடியவில்லை. தண்டை நீட்டினேன். வலன்ரைன்தான் நடந்ததைச் சொன்னார். மீன் முள் என்ற பேச்சை அவர் எடுக்கவில்லை. டொக்டர் பெண்பிள்ளை தண்டையும் பார்த்து, இரண்டு வாயையும் வெளிச்சம் அடித்துப் பார்த்தா. பிள்ளையின் வாயைக் கழுவி, ஊசி போட்டு, கையில் மருந்துக் குழாயும் மூக்கில் ஒக்சிசன் குழாயும் வைத்தார்கள். வீக்கம் மூச்சுக்குழாய் வரை போகிறதா என்று பார்க்க வேண்டும், போகாவிட்டால் பயமில்லை என்றா. போனால் என்னவென்று கேட்க எனக்கு வாயில்லை. வாயில் சோறு இருந்ததா என்று டொக்டர் விசாரித்தா. இருந்தது, அக்கா தோண்டி எடுத்துவிட்டா என்றார் அவர். அது மூச்சுக்குள் இறங்கியிருந்தால் இங்கே கொண்டுவந்தும் பலனில்லை என்று டொக்டர் சொன்னா. வலன்ரைன் சுவரில் சாய்ந்து அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார்.

குரல் எப்போது வரும் என்று வலன்ரைன் கேட்டதற்கு, பொறுத்துப் பார்ப்போம் என்றா. வரும் என்று சொல்லவில்லை. பொறுத்துப் பார்ப்போம். மற்றவர்களுடைய பிள்ளைக்குக் குரல் போனால் நூறு சொல் போகும். என் பிள்ளையிடம் இருந்தது ஒன்றே ஒன்று. அதுவும் போய்விட்டால் நான் எதை வைத்துக்கொண்டு காத்திருப்பது. வாயில் பனிக்கட்டியை அடக்கிக்கொண்டு கட்டிலருகில் இருந்தேன். அவனுடைய நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்தேன். இறங்கின பிறகு ஏறுமா என்று ஒவ்வொரு தடவையும் பயந்தேன்.

வெயில் சாயும் நேரம் அன்ரோனெற் மச்சாள் வந்தாள். பஸ்ஸில் தனியாக வந்திருக்கிறாள். மாதாவைக் கும்பிடப் போவதென்றால் கட்டுகிற சேலை, வெள்ளையில் பெரிய பெரிய சிவப்புப் பூப் போட்டது. என்ன கட்டுகிறோம் என்று தெரியாமல் கைக்கு வந்ததைச் சுற்றிக்கொண்டு வந்திருக்க வேண்டும். கட்டிலுக்குக் கிட்ட வரவில்லை. கால்மாட்டில், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எத்தனையோ தொண்டையைத் தொட்ட கை, இப்போது தொடப் பயந்து நின்றது. கன்றையும் தண்டுகளையும் பூக்களையும் கடற்கரை மணலில் குழி தோண்டிப் புதைத்துவிட்டதாக, யாரிடமோ சொல்வது போலச் சொன்னாள். மூலை வெறுமையாய் இருக்கிறதாம். எனக்கு அவள்மேல் கோபம் நெஞ்சு மட்டத்துக்கு இருந்தது. நல்ல காலம் எனக்கு வாய் வீங்கியிருந்தது, இல்லாவிட்டால் இந்த ஜென்மத்துக்கும் ஆறாத ஏதாவது சொல்லியிருப்பேன்.

அப்போது அவன் கண் திறந்தான்.

என்னைப் பார்த்தான். தகப்பனைப் பார்த்தான். பிறகு கால்மாட்டில் நின்ற மாமியைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். குழாய் கட்டின கையை மெல்ல உயர்த்தி விரலை நீட்டினான். வீங்கின உதடு அசைந்தது. காற்றுத்தான் வரும் என்று நினைத்தேன். கரகரவென்று, கிழவன் குரல் மாதிரி, ஆனால் குரல்தான் வந்தது.

"பூ."

வலன்ரைன் தலையில் கை வைத்துக்கொண்டு விம்மினார். எனக்கு வந்த சந்தோசம் ஒரு கணம்தான் நின்றது. இவ்வளவும் பட்டும் இவனுக்குப் பயம் வரவில்லை. இன்னும் அதைத்தான் கேட்கிறான். நாளைக்கும் கேட்பான். எந்த வீட்டு மூலையில் எந்தச் சிவப்பைக் கண்டாலும் ஓடுவான். அவனுக்கு வர வேண்டிய பயம் முழுவதும் எனக்கு வந்திருந்தது.

"பூ," என்றான் மறுபடியும், இன்னும் கொஞ்சம் தெளிவாய், விரலை மச்சாளின் சேலைக்கு நீட்டி.

அன்ரோனெற் மச்சாள் குனிந்து தன்னைப் பார்த்தாள். அப்போதுதான் தான் என்ன உடுத்து வந்திருக்கிறாள் என்று கண்டாள். நெஞ்சில் இருந்த பூவை ஒரு கையால் பொத்தினாள். வயிற்றில் இருந்ததை மற்றக் கையால் பொத்தினாள்.

"பூ இல்லையடா ராசா," என்றாள். "பூ இல்லை. மாமியிட்டைப் பூ இல்லை."

சேலை முழுக்கப் பூ. அவளுடைய இரண்டு கைகள் போதவில்லை. கண்ணீர் ஓட ஓட ஒன்றை விட்டு ஒன்றைப் பொத்திக்கொண்டு நின்றாள். நான் எழுந்து, பிள்ளையைத் துடைக்கக் கொண்டுவந்த துவாயை விரித்து, அவளுடைய தோளிலிருந்து போர்த்திவிட்டேன்.